இடப்பக்கப் பிசிறு

ஸ்லெட்டில் வைத்து இழுத்து வந்தார்,
கம்பளியால் சுற்றி, கயிற்றால் கட்டி.
இருபது கிலோ ரிசீவர். வால்நட் மரப்பெட்டி.
எழுபத்தாறில் வாங்கியது, ரசீதுகூட இருக்கிறதாம்.
“இடது பக்கம் கரகரங்குது, மார்லீஸ்.
புல்லாங்குழல் மேலே ஏறும்போதெல்லாம்
யாரோ தகரத்தைச் சுரண்டுறாங்க.”

தண்டர் பேயில் அன்றைக்கு மைனஸ் இருபத்தெட்டு.
பனி உருகட்டுமென்று காத்திருந்தேன்.
உருகிய பிறகும்
ரெய்னோ ஹாபலாவின் மீசை வெள்ளையாகவே இருந்தது.

என் தொழிலில் முதல் மருந்து இடம் மாற்றுவது.
இடத்து ஸ்பீக்கர் ஒயரை வலத்தில் செருகு,
வலத்தை இடத்தில்.
பிசிறு பக்கம் மாறினால் ரிசீவரில் கோளாறு,
மாறாவிட்டால் ஸ்பீக்கரில்.
மாறியது.

மூடியைக் கழற்றினேன்.
நாற்பது வருடத் தூசி, செத்த குளவி ஒன்று,
எப்படி விழுந்ததோ, ஒரு பத்து சென்ட்.
வால்யூம் திருகுக்குள் மருந்தடித்து
முப்பது தடவை முன்னும் பின்னும் திருகினேன்.
மொறுமொறுப்பு போனது, பிசிறு போகவில்லை.

ஆசிலோஸ்கோப்பில் பச்சை அலை.
மேல்வளைவு உருண்டு திரண்டு ஒழுங்காக,
கீழ்வளைவோ
கத்தரியால் நறுக்கியதுபோல் தட்டை.
பூஜ்ஜியம் காட்டவேண்டிய இடத்தில்
மீட்டர் முக்கால் வோல்ட் என்றது.
தேடித் தேடி
மிளகளவு டிரான்சிஸ்டர் ஒன்றில் வந்து நின்றேன்.
மூன்று காலும் கறுத்திருந்தன.
அதையும் பக்கத்துக்காரனையும் சேர்த்தே மாற்றினேன்.
ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால்
ஒத்துப்போகாது.

அலை உருண்டது.
நூற்று நாற்பது டாலர். ஸ்லெட் திரும்பிப் போனது.

மூன்றாம் நாள் போன்.
“இன்னும் சுரண்டுது.”

வாயில் ஈயம் வைத்ததுபோல் இருந்தது எனக்கு.
கருவிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.
ஜன்னலுக்கு வெளியே உறைந்த ஏரி.
இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே, சரிசமத் தூரத்தில்,
அவர் உடம்பை மனப்பாடம் செய்த ஒரு நாற்காலி.

எனக்கு இரண்டு பக்கமும் சுத்தமாகக் கேட்டது.
ஒயரை மாற்றினேன். “இடது,” என்றார்.
ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினேன். “இடது.”
ரெக்கார்ட் பிளேயரின் வாலைப் பிடுங்கி மாற்றிக் குத்தினேன்.
“இடதுதான்.”
என்மேல் அவருக்குக் கோபம் வரத் தொடங்கியிருந்தது.
எனக்கும்.

அந்த அறையில்
இன்னும் இடம் மாறாதது
ஒன்றே ஒன்று.

“ரெய்னோ, நாற்காலியைத் திருப்பிப் போடட்டுமா?”

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.
புல்லாங்குழல் ஏறியது.
இடத்தோளுக்கு மேலாகப் பின்னால் விரலை நீட்டினார்,
இதுவரை நல்லபிள்ளையாக இருந்த பெட்டியை நோக்கி.
நீட்டிய விரல் அப்படியே நின்றது.

ஊசி பாட்டின் கடைசிக்குப் போய்
வெறும் பள்ளத்தில் டக், டக் என்று தட்டும்வரை
யாரும் எழவில்லை.

“காகித ஆலை,” என்றார் பிறகு,
“முப்பத்தொரு வருஷம்.
உருளை எப்பவும் இந்தப் பக்கம்.”
சற்றுப் பொறுத்து,
“அப்போ அந்த நூற்று நாற்பது டாலர்?”

“அதுவும் நிஜமான கோளாறுதான்.
பெட்டியில் ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன்.”

தலையாட்டினார்.
இதற்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று
அவர் கேட்கவில்லை; கேட்டிருந்தால் சிரித்திருப்போம்.

ரிசீவரின் முகப்பில்
யாருமே தொடாத பொத்தான் ஒன்று உண்டு: மோனோ.
அமுக்கினேன்.
இரண்டு பக்கமும் ஒரே பக்கமானது.
வலது காது முன்னே வரும்படி
நாற்காலியைக் கால்வட்டம் திருப்பி வைத்தேன்.
தரைக்கம்பளத்தில் பழைய நான்கு குழிகள்
காலியாகத் தெரிந்தன.

போகவர எண்பது கிலோமீட்டர்; பில் எழுதவில்லை.

கடைக்கு வந்து கதவைத் தாழிட்டு,
அலமாரியில் இருந்த ஏதோ ஒரு தட்டைச் சுழலவிட்டு,
என் நாற்காலியையும்
ஒருமுறை திருப்பிப் போட்டேன்.